முதலில் நீதிமன்றம், பிறகு வழக்குரைஞர்: வாசகர் கேள்விகளுக்குச் சட்டப் பதில்கள்

மணவிலக்கு, குழந்தைப் பொறுப்பு ஆகியவை பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலிருந்தும், எல்லைக்கு இந்தப்புறம் பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பகுதிகளிலிருந்தும் வந்தவை. பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் நம் குடும்பங்கள் மாநில எல்லையைப் பொருட்படுத்துவதில்லை; மணமுறிவு வரும்போதுதான் எல்லையிலுள்ள வாளையாரும் கோவிந்தாபுரமும் திடீரென்று பெரிதாகிவிடுகின்றன. நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் பிறந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. 2015-இல் இங்குள்ள மண்டபத்தில் திருமணம் நடந்தது, வாழப்போனது கிணத்துக்கடவில். கணவரின் அடி தாங்காமல் பதினான்கு மாதங்களுக்கு முன் நான்கு வயது மகளுடன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பது வயது மகன் அப்பாவிடம் இருந்து அங்கேயே படிக்கிறான். கோயம்புத்தூரில் ஒரு பெரிய வக்கீலிடம் என் மாமா அழைத்துச் சென்றார். இரண்டு பிள்ளைகளையும் வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றும், கிடைக்கும் ஜீவனாம்சத்தில் நான்கில் ஒரு பங்கு தந்தால் போதும் என்றும் அவர் சொன்னார். அண்ணனோ பாலக்காட்டிலேயே ஒருவரைப் பார்க்கலாம் என்கிறார். யாரை அமர்த்துவது?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, மாமாவும் அண்ணனும் ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள், அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இடம். வழக்கு எந்த நீதிமன்றத்தில் நிற்கப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த நீதிமன்றத்தில் அன்றாடம் நடமாடும் ஒருவரைத் தேட முடியும்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் மனுச் செய்யலாம். மனைவியே மனுதாரராக இருந்தால், மனுச் செய்யும் நாளில் அவர் வசிக்கும் இடத்திலும் செய்யலாம் என்று 2003-இல் சேர்த்தார்கள். திருமணம் நடந்ததும் நீங்கள் இப்போது வசிப்பதும் கொழிஞ்சாம்பாறை என்பதால் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு இரட்டை உரிமை இருக்கிறது. அங்கே தொடுக்கும் மணவிலக்கு வழக்கிலேயே, அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவின்கீழ், பிள்ளைகளின் பொறுப்பையும் படிப்புச் செலவையும் கேட்கலாம். ஆனால் உங்கள் கணவர் சும்மா இருப்பார் என்று நினைக்க வேண்டாம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புப் பிள்ளைகள் சட்டம், குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தையே சொல்கிறது. ஆகவே மகனுக்காக அவர் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மனுவைத் தனியாகப் போடலாம். அப்படி இரண்டு மாநிலங்களில் இரண்டு வழக்குகள் நின்றுவிட்டால், ஒன்றை மற்ற மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம், உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி, உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சென்னை உயர் நீதிமன்றமோ எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றமோ அதைச் செய்ய இயலாது. கிணத்துக்கடவிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு மணி நேரப் பயணம். வழக்கு மட்டும் தில்லி வழியாகப் போக வேண்டியிருக்கும். மாற்றல் மனுக்களில் மனைவியின் வசதியையே பொதுவாகக் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருப்பது உங்களுக்கு ஆறுதல்தான். ஆனாலும் அந்தச் செலவும் காலமும் தவிர்க்கக்கூடியவை. முதல் சந்திப்பிலேயே இந்தச் சிக்கலை உங்களிடம் எடுத்துச் சொல்லும் வழக்குரைஞர் எந்த ஊர்க்காரரானாலும் கவனிக்கத் தக்கவர். பிறந்த ஊரையும் மகன் படிக்கும் ஊரையும் கேட்காமலேயே வக்காலத்துத் தாளை நீட்டுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, கோயம்புத்தூரில் சொன்ன இரண்டு வாக்குறுதிகள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. முதல் நாளே தன் தொழில் விதியை மீறுபவர் பின்னாளில் உங்கள் பணத்துக்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்வார் என்று நம்புவதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளை 'வாங்கித் தரும்' உறுதிமொழியோ யாராலும் தர முடியாதது. இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. மகளைப் பொறுத்தவரை உங்கள் நிலை வலுவானது. மகன் செய்தி வேறு. குழந்தையின் நலனே தலையாயது என்பதுதான் அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு. விவரம் தெரிந்து சொல்லும் வயதாயிருந்தால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒன்பது வயதுப் பையனை நீதிபதி தன் அறைக்கு அழைத்துத் தனியே பேசிப் பார்ப்பது வழக்கமான ஒன்று. அன்று அவன் என்ன சொல்வான் என்பதை எந்த வக்கீலும் முன்கூட்டியே விலை பேச முடியாது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கற்பிக்கப்பட்ட வாக்கியம் குழந்தையின் வாயில் எப்படி ஒலிக்கும் என்பதை அந்த அறையில் நாள்தோறும் கேட்பவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

மணவிலக்குக்கான காரணத்தையும் அவர் எப்படி அணுகுகிறார் என்று பாருங்கள். கைவிடுதல் என்ற காரணத்துக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த பிரிவு வேண்டும். உங்களுக்குப் பதினான்கு மாதங்களே ஆகியிருக்கின்றன. கொடுமை என்ற காரணத்துக்கு அந்தக் கால வரையறை இல்லை, ஆனால் சான்று வேண்டும். மருத்துவமனைச் சீட்டு இருக்கிறதா, காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தீர்களா, பெரியவர்கள் கூடிப் பேசியபோது யார் யார் இருந்தார்கள் என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்பவரே உங்களுக்கு வேண்டியவர். அந்தக் கேள்விகள் சங்கடமாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்வதை அவர் வெளியிடக் கூடாது என்று சட்டமே அவரைக் கட்டிவைத்திருக்கிறது என்பதால், உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதகமான செய்தியை எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில் முதன்முறையாகக் கேட்கும் என் போன்ற வழக்குரைஞர்களின் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

போகும்போது இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் தேதிவாரியாக நடந்ததை எழுதிக்கொண்டு போங்கள். திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் போதும். அசல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் புகைப்படங்களையும் நகைக்கடை ரசீதுகளையும் தேடி எடுங்கள். கேரளக் குடும்ப நீதிமன்றங்களில் மணவிலக்கோடு நகையைத் திரும்பக் கேட்கும் மனுவும் சேர்ந்தே வருவது மிகச் சாதாரணம். எத்தனை பவன் போட்டார்கள், இப்போது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் பாதி விசாரணை கழியும். நகையும் சொத்தும் கேட்கும் மனுக்களுக்கான நீதிமன்றக் கட்டணத்தைக் கேரள அரசு 2024-இல் உயர்த்தியிருப்பதால், எவ்வளவு கேட்பது, அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் மனுவுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய கட்டணத்தை மனுத் தாக்கல், இடைக்கால மனுக்கள், சாட்சி விசாரணை எனக் கட்டம் கட்டமாக எழுதி வாங்குங்கள். குமாஸ்தா செலவு அதில் அடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மகளைப் பார்க்க அவள் அப்பா வந்தால் காட்டாதே என்று ஒருவர் ஆலோசனை சொன்னால், அவரை அமர்த்த வேண்டாம். மகளுக்கே ஆபத்து என்ற நிலை இருந்தால் அதைச் சொல்லி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். அப்படியில்லாத இடத்தில், பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தைக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் எழுதியபோது காணொளி அழைப்பில் பேசும் உரிமையைக்கூடக் குறிப்பிட்டது. மகளை மறைத்து வைத்தவர் மகனைக் கேட்டு வந்து நின்றால் நீதிபதி என்ன நினைப்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

கேள்வி: என் மனைவி பாலக்காட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். பழக்கம் காரணமாகப் பொள்ளாச்சி வக்கீலையே அமர்த்தினேன். அவர் மூன்று வாய்தாக்களில் ஒன்றுக்குக்கூடப் பாலக்காட்டுக்குப் போகவில்லை. அங்கே அவருக்குத் தெரிந்த ஓர் இளம் வக்கீல், மலையாளத்தில் எழுதிய தாள்களில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வேறு வக்கீலை வைத்துக்கொள்கிறேன் என்றால், பாக்கிப் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தாள்கள் உள்ள கட்டை எடுத்துப் போ என்கிறார்.
— வாசகர், ஆனைமலை

பதில்: தமிழ்நாட்டில் பதிவு செய்த வழக்குரைஞர் கேரளத்தில் வாதாடலாமா என்ற ஐயம் உங்கள் கடிதத்தில் மறைந்திருக்கிறது. வாதாடலாம். வழக்குரைஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யும் உரிமையை அது தருகிறது. உரிமை இருப்பதும் காலை பதினொரு மணிக்குப் பாலக்காட்டில் நிற்பதும் வெவ்வேறு. கேரளக் கீழமை நீதிமன்றங்களில் ஆங்கிலமும் மலையாளமும் புழங்குகின்றன. சாட்சியம் பெரும்பாலும் மலையாளத்தில் போகிறது. உங்களுக்கு வேண்டியவர் அங்கேயே தொழில் செய்பவர், மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர், உங்களிடம் தமிழில் பேசுபவர். பாலக்காட்டில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. சித்தூர் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே பலர் இருக்கிறார்கள்.

கட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைத்துக்கொள்ள வழக்குரைஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. பாக்கி உண்மையிலேயே இருந்தால் அவர் அதைத் தனியாக வசூலிக்கட்டும். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். மறுத்தால், 1961-ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டம் 35-ஆம் பிரிவின்கீழ் அவர் பதிவு செய்துள்ள மாநில வழக்குரைஞர் மன்றத்தில் புகார் செய்யலாம். புதியவர் வக்காலத்துப் போட, பழையவரின் ஒப்புதல் எழுத்து கிடைத்தால் எளிது; தர மறுத்தால் நீதிமன்றத்திடம் நிலையைச் சொல்லி அனுமதி கேட்கலாம். எனக்குத் தெரிந்தவரை, ஒப்புதல் தராத வக்கீல்களில் பாதிப் பேர் பதிவுத் தபால் கண்டதும் மனம் மாறிவிடுகிறார்கள். மீதிப் பாதியைப் பற்றித்தான் நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் அதைவிட அவசரமானது வேறு. மூன்று வாய்தாக்களிலும் உங்களுக்காக யாரேனும் ஆஜரானார்களா, அல்லது நீங்கள் வரவில்லை என்று எழுதி வழக்கை ஒருதலையாக நடத்த உத்தரவாகிவிட்டதா என்பதை இன்றே பாருங்கள். அழைப்பாணையில் உள்ள வழக்கு எண்ணையோ ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், பதினாறு எழுத்தெண்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணையோ நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் செயலியில் இட்டால் அடுத்த வாய்தாவும் முந்தைய நடவடிக்கையும் கைபேசியிலேயே தெரியும். ஒருதலைத் தீர்ப்பே ஆகிவிட்டிருந்தால், அதை நீக்கக் கோரும் மனுவுக்கு முப்பது நாள்தான் பொதுவான காலவரம்பு. அழைப்பாணை முறையாக உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டிருந்தால் தீர்ப்பு நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும்.

கையெழுத்திட்ட தாள்களின் நகலைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாக யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இனிமேல் எந்தப் பிரமாணப் பத்திரமானாலும், 'தமிழில் படித்துக் காட்டப்பட்டு, விளங்கிக்கொண்டு கையெழுத்திட்டார்' என்ற வரி கடைசியில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அந்த வரி உண்மையாகவும் இருக்க வேண்டும். ஜீவனாம்ச வழக்கானால் வருமானம், கடன், நிலம், தென்னந்தோப்புக் குத்தகை என எல்லாவற்றையும் சொல்லும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தை இரு தரப்பும் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. படிக்காமல் கையெழுத்திடக் கூடாத தாள்களில் முதலிடம் அதற்குத்தான். கூண்டேறும்போது மலையாளத்தில் திணற வேண்டியதில்லை. தமிழில் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். எல்லா வாய்தாவுக்கும் பேருந்து ஏற முடியாது என்றால் காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். கேரள நீதிமன்றங்களுக்கு அதற்கென 2021-இல் விதிகள் வந்திருக்கின்றன. குடும்ப நீதிமன்ற ஆலோசகர் முன் அமரும் நாளில் மட்டும் நேரில் போய்விடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கேள்வி: தென்னந்தோப்பில் கூலி வேலை செய்கிறேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. வக்கீல் இல்லாமல் வழக்கு நடத்த முடியாதா?
— வாசகி, வேலந்தாவளம்

பதில்: முடியும். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வழக்குரைஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகவே தரவில்லை. நீதிமன்றம் அனுமதித்தால்தான் அவர் வரலாம். நடைமுறையில் அந்த அனுமதி எளிதில் கிடைக்கிறது; எதிர்த்தரப்பில் தேர்ந்த ஒருவர் நிற்கும்போது நீங்கள் தனியே நிற்பது சரியாகவும் இராது. ஆகவே இலவசச் சட்ட உதவியைக் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு அது வருமான வரம்பு எதுவும் பாராமல் கிடைக்கும். சித்தூரில் உள்ள வட்டச் சட்டப் பணிக் குழுவிலோ பாலக்காட்டில் உள்ள மாவட்ட ஆணையத்திலோ எழுதிக் கொடுங்கள். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். உங்களுக்காக அமர்த்தப்படும் வழக்குரைஞருக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அவர் கேட்டால் அதே ஆணையத்தில் சொல்லுங்கள், ஆளை மாற்றித் தருவார்கள். வழக்கு நடக்கும் காலத்துப் பராமரிப்போடு வழக்குச் செலவையும் கணவரிடமிருந்து கேட்க இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிர்மனுதாரருக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை அறுபது நாளில் அந்த மனுவை முடிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அறுபது நாள் என்பதைக் கொஞ்சம் தாராளமாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் சண்டையில்லை, பிரிவதில் இருவருக்கும் சம்மதம். ஏழு வயது மகள் அவரிடம் கோவிந்தாபுரத்தில் இருக்கட்டும், விடுமுறைக்கு என்னிடம் பொள்ளாச்சிக்கு வரட்டும் என்று பேசிக்கொண்டோம். ஊர்ப் பெரியவர்கள் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்கிறார்கள். நீதிமன்றம்தான் என்றால் ஒரே வக்கீல் போதுமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: முத்திரைத்தாளில் மணவிலக்கு ஆகாது. வழிவழியாக அப்படியொரு வழக்கம் உள்ள சமூகங்களுக்குச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய சுமை சொல்பவர் தலையில்தான். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டு, பிறகு முதல் மனைவியின் புகாருக்குப் பதில் சொல்ல அலைந்தவர்கள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்தபின் இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்கீழ் இருவரும் சேர்ந்து மனுச் செய்யுங்கள். மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தக்க வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. தீர்ப்பாகும் முன் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991 முதல் உள்ள நிலை. நீங்கள் கிறிஸ்தவர்களானால் கணக்கு மாறும்: 1869-ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் இரண்டாண்டுப் பிரிவைக் கேட்கிறது, கேரள உயர் நீதிமன்றம் அதை 2010-இல் ஓராண்டாகக் குறைத்துப் படித்து, 2022 டிசம்பரில் அந்த ஓராண்டுக் கட்டாயமும் செல்லாது என்றது. எல்லையின் எந்தப் பக்கம் மனுச் செய்கிறீர்கள் என்பது அங்கேயும் முக்கியமாகிறது.

ஒரே வழக்குரைஞர் இருவருக்கும் மனு எழுதுவது பரவலாக நடக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. இடையில் கருத்து வேறுபாடு வந்தால் அவர் இருவரில் யாருக்கும் முழு மனதோடு பேச முடியாது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறு தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது விதி. மனுவை ஒருவரே எழுதட்டும். கையெழுத்திடும் முன் மற்றவர் வேறொருவரிடம் ஒருமுறை காட்டிப் படித்துக்கொள்ளட்டும். ஒரு மணி நேரக் கட்டணம் போகும், அவ்வளவே.

'விடுமுறைக்கு வரட்டும்' என்று எழுதினால் மட்டும் போதாது. கோவிந்தாபுரத்தில் ஓணத்துக்கு விடுவார்கள், பொள்ளாச்சியில் பொங்கலுக்கும் காலாண்டுத் தேர்வுக்கும் விடுவார்கள். இரண்டு பக்கத்துப் பள்ளி நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாளோ அதன் விடுமுறையில் எத்தனை நாள், ஓணத்தில் யாரிடம், பொங்கல் பள்ளி நாளில் விழுந்தால் என்ன செய்வது, கோடை விடுமுறையை ஏப்ரல், மே என்று எப்படிப் பிரிப்பது, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு ஒப்படைப்பது, யார் அழைத்துப் போவது என்று வரி வரியாக எழுதுங்கள். பள்ளி மாற்றச் சான்று வாங்கவும் கடவுச்சீட்டு எடுக்கவும் இருவர் கையெழுத்தும் வேண்டுமா, காய்ச்சல் என்றால் யார் முடிவெடுப்பது, மேல்நிலைப் படிப்புக்கு அவள் தமிழ்நாட்டுக்கு மாற விரும்பினால் என்ன என்பதும் மனுவில் இருக்கட்டும். இவற்றைக் கேட்காமல் ஒரு பக்கத்தில் மனுவை முடித்துத் தரும் வழக்குரைஞரிடம் நீங்களே இந்தப் பட்டியலை நீட்டுங்கள்; எரிச்சலடைந்தால், பொள்ளாச்சியில் வேறு அலுவலகங்கள் இருக்கின்றன.